கே.ஜி.எஃப்: பெயர் மட்டும் நிஜம்

பெங்களூருவின் ஹொம்பாளே நிறுவனம் தயாரித்து, பிரசாந்த் நீல் இயக்கி 2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்’ வெறும் கற்பனை, அதில் வரலாறு தேடாதீர்கள் என்கிறார்கள் ரசிகர்கள். கற்பனை என்பது குற்றமல்ல. ஜப்பானில் 1954 நவம்பரில் வந்த ‘காட்சில்லா’வும் கற்பனைதான். அந்த மார்ச்சில்தான் அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது கொட்டியிருந்தது. நேரடியாகப் பேசக் கூசிய பயத்தை அந்த ராட்சதப் பிராணி திரையில் சுமந்தது. ஆகவே, கற்பனை எதைக் காப்பாற்றி வைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

‘கே.ஜி.எஃப்’ காப்பாற்றுவது நாயகன் ராக்கியை மட்டுமே. படத்தின் கற்பனைச் சுரங்கமான நராச்சியின் அடிமைகள் அவன் வரும்வரை அடிவாங்கிக் காத்திருக்கிறார்கள்.

கே.ஜி.எஃப் என்ற பெயருக்கு உரிய நிஜக் கோலார் தங்கவயலில் யாரும் அப்படிக் காத்திருக்கவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடார்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தலித்துகள். சிலிகோசிஸ் நோயும் பாறை வெடிப்பும் அவர்களைக் கொன்றன. ஆனால் கைரேகை வைக்கச் சொன்னபோது, 1930-இல், மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அயோத்திதாசர் நடத்தி, அவர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழுக்கு 1920களில் மறுபடி உயிர்கொடுத்தது தங்கவயல் அப்பாதுரையார். படித்த, வாதாடிய, சங்கம் கட்டிய தொழிலாளியைப் படம் வாயற்ற கூட்டமாக்கிவிட்டது. இரண்டாம் பாகம் 2022-இல் அம்பேத்கர் பிறந்தநாளில் வெளிவந்தது தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

மறந்துபோன ஊரை உலகறியச் செய்ததே என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆனால் பரவியது பெயர்தான். அந்தப் பெயரின் கனத்தை வாங்கிக்கொண்ட படம், அதைச் சம்பாதித்தவர்களுக்கு ஒன்றும் திருப்பித் தரவில்லை. சண்டைப் படமாக அது வென்றது. பொது நினைவுக்கோ அதனால் நஷ்டமே.

கன்னட சினிமாவை மட்டும் கூண்டிலேற்றுவதும் நியாயமில்லை. தமிழில் பார்த்து நாமும்தானே விசிலடித்தோம்! அதே தங்கவயலைப் பற்றிய பா. ரஞ்சித்தின் தமிழ்ப் படம் ‘தங்கலான்’ 2024-இல்தான் வந்தது. அது தொழிலாளிக்கு முன்னோரையும் நிலத்தையும் மீட்டுக் கொடுத்தது, நல்ல காரியம். பிறகு மாயக்கதைக்குள் போய், சங்கம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 1930-இன் வேலைநிறுத்தமும், 2001-இல் சுரங்கத்தை மூடியபோது தெருவுக்கு வந்த குடும்பங்களும் இரண்டு படங்களுக்குமே தேவைப்படவில்லை.