ஒரு வேதம், இரு தமிழ்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒரே சபையாயினர். வெளிநாட்டிலிருந்து வந்த பிரிவினைகளை இந்தியர் சுமக்க வேண்டுவதில்லை என்று 1919இல் தரங்கம்பாடியில் எழுந்த குரல் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பலித்தது. அக்குரலின் முதல்வருள் ஒருவராகிய அசரியா அத்தியட்சர் 1945இல் மறைந்தமையால் அந்நாளைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

ஆட்சியில் கூடிய ஒற்றுமை மொழியில் கூடிற்றா என்பது வேறு வினா. தமிழ்க் கிறித்தவர் தம் பிரிவினையைக் கோயிற் கதவில் எழுதி வைக்கவில்லை. இறைவனை அழைக்கும் சொல்லிலேயே எழுதி வைத்தனர். கத்தோலிக்கருக்கு அவர் சர்வேசுரன். பெப்ரீஷியஸ் பெயர்ப்பில் பராபரன். பின்னர் 1871இல் போவர் தலைமையில் வெளிவந்த பெயர்ப்பில் தேவன். ஒருவன் வாய் திறந்து வேண்டத் தொடங்கினால் அவன் எச்சபையான் என்று அயலார் அறிந்து கொள்ளலாம்.

1871இன் நூலுக்கு ஐக்கிய மொழிபெயர்ப்பு என்றே பெயர். பல மிஷன்களைச் சேர்ந்தவர் கூடி, சீர்திருத்தச் சபைகளுக்கெல்லாம் ஒரு வேதம் வேண்டுமென்று ஆக்கியது அது. அப்போதும் லுத்தரன் சபையார் பெப்ரீஷியஸின் பெயர்ப்பை எளிதில் விடவில்லை. அதற்கு முன்பே இரேனியுஸ் திருத்தத்தைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்ததை இலக்கிய வரலாறு அறியும். அதனைப் பிடிவாதம் என்று தள்ளுவது எளிது, நியாயமன்று. மனப்பாடமாகிவிட்ட வேதவாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றுவது, தாயை அழைக்கும் சொல்லை மாற்றச் சொல்வது போன்றதே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறித்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1968இல் கத்தோலிக்கரும் வேதாகமச் சங்கங்களும் கூடிப் பெயர்ப்பதற்கான நெறிகள் வகுக்கப்பட்டன. அதன் தமிழ்ப் பயனே 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. இதில் இறைவன் 'கடவுள்' ஆனார். தொல்காப்பியமே ஆண்ட சொல். எச்சமயத்தாரும் தமதென்று கொள்ளும் சொல். தேவன் என்பதற்குப் பக்கத்தில் தேவர்கள் வந்து நிற்கும் இடர் இதற்கில்லை. கத்தோலிக்கரின் 'இஸ்பிரீத்து சாந்து'வும் சீர்திருத்தச் சபையாரின் 'பரிசுத்த ஆவி'யும் நீங்கி, 'தூய ஆவி' வந்தது. ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், சுவிசேஷம் நற்செய்தியாகவும், அப்போஸ்தலர் திருத்தூதராகவும் மாறின. கத்தோலிக்கர் ஏற்று மற்றவர் ஏற்காத நூல்கள் இணைத் திருமுறை என்னும் தனிப் பகுதியாயின. ஒருவர் கொள்கையை மற்றவர்மேல் ஏற்றாமல் ஒரே அட்டைக்குள் இருவரும் அமர்ந்தனர். இத்தனையும் பாராட்டத்தக்கனவே.

ஆயினும் பெயர்களைப் பார்க்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. பழைய கத்தோலிக்கத் தமிழில் பவுல் 'சின்னப்பர்'. இலத்தீனில் பவுலுஸ் என்பதற்குச் சிறியவர் என்று பொருள். யோவான் 'அருளப்பர்', எபிரேயப் பெயரின் பொருள் ஆண்டவர் அருளினார் என்பது. பேதுரு 'இராயப்பர்'. ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கிய அழகு முதலிரண்டு பெயர்களில் உண்டு. பொதுப் பெயர்ப்பிலோ அவர்கள் மீண்டும் பவுலும் யோவானும் ஆகிவிட்டனர். வடசொற்களையெல்லாம் தேடித் தமிழாக்கிய அதே நூல், ஏற்கனவே தமிழாயிருந்த பெயர்களைக் கைவிட்டது விந்தை. இங்கே விட்டுக் கொடுத்தவர் கத்தோலிக்கர்.

எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு இசைவு காணப்படவில்லை. கத்தோலிக்க வழிபாட்டில் பொதுப் பெயர்ப்பு நிலைபெற்றது. சீர்திருத்தச் சபைகளின் பீடங்களிலோ, தென்னிந்தியத் திருச்சபை உட்பட, பெரும்பாலும் 1871இன் நூலே விரிந்து கிடக்கிறது. ஐக்கியம் என்று பெயர் பெற்ற நூலே பெரிய ஐக்கியத்துக்கு வேலியாயிற்று. பொதுப் பெயர்ப்பின் தமிழில் குறை கண்டு மறுத்தவர் சிலர் இருக்கலாம். பலர் அதனைப் படித்துப் பார்த்து மறுத்தாரல்லர். பாட்டன் காலத்து ஓசை அதில் கேட்கவில்லை, அவ்வளவே.

சின்னப்பரும் அருளப்பரும் முற்றும் மறையவில்லை. வேத ஏட்டில் இடமிழந்த அவர்கள், சின்னப்பன், அருளப்பன் என்று பிள்ளைகளின் பெயர்களில் வாழ்கின்றனர்.