மரம் காட்டும் வழி

பெருங்காற்றில் வேரோடு சாய்ந்த மரம் வில் செய்ய உதவுமா? இவ்வினாவுடன் நாம் அணுகத்தக்க பழைய நூலொன்று ஆங்கிலத்தில் உண்டு. 1545-இல் ரோஜர் ஆஸ்கம் வெளியிட்ட 'டாக்ஸோபிலஸ்' அது. வில்லன்பர் ஒருவரும் நூலன்பர் ஒருவரும் உரையாடுவதாக அமைந்தது.

அதன் முற்பகுதியை நாம் பெரிதும் போற்றுவதற்கில்லை. பண்டைச் சான்றுகளை அடுக்கி வில்லின் பெருமை பேசப்படுகிறது. மறுத்துரைக்க வேண்டிய நூலன்பரோ எளிதில் இணங்கிவிடுகிறார். இரண்டாம் பகுதியில் மரத்தைத் தொட்டதும் நடை உயிர் பெறுகிறது. கிளை முடிச்சு மலிந்தது; அதில் செய்த வில் விரைவில் நாணின் பக்கமே வளைந்து நின்றுவிடும். இளமரம் சிலவேளை நன்கு அமையும். முதிர்ந்த அடிமரமே தலையாயது. அதனையும் சீராகப் பிளந்து, குறுக்கே செல்லாது, நாரோட்டம் காட்டும் வழியே இழைக்க வேண்டும் என்கிறார் ஆஸ்கம்.

விழுந்த மரம் நமக்குத் தருவது அந்த அடிமரத்தையே. ஆயினும் மண்ணில் நெடுநாள் கிடந்து பூஞ்சணம் பற்றியது, பார்வைக்குத் திண்மையாய்த் தோன்றினும், வளைக்கையில் முறியும். வீழ்ச்சியின் அதிர்ச்சியில் நார் குறுக்கே நைந்திருப்பதும் உண்டு. புதிதாய் விழுந்ததாயின் விரைந்து துண்டித்து, முனைகளில் மெழுகு பூசி, பிளந்து, நிழலில் உலர்த்த வேண்டும். இன்றேல் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். யூ மரத்தில் வெளிப்புற வெள்ளை இழுவிசையைத் தாங்கும். உள்வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்படி பிளப்பதிலேதான் திறமை. ஆஸ்கம் நூல் வெளிவந்த அதே 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பலிலிருந்து பிற்காலத்தில் எடுக்கப்பெற்ற யூ விற்கள் இவ்வாறே அமைந்துள்ளன.

ஆஸ்கம் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்தவர். இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதுவதே தமக்கு எளிதென ஒப்புக்கொண்டும் தாய்மொழியில் எழுதினார். அதனாலன்றோ முடிச்சும் பிளவும் நாரும் அவ்வுரைநடையில் இடம்பெற்றன! தமிழில் 'சிலை' என்பது வில்லுக்கும் பெயர், ஒரு மரத்துக்கும் பெயர். ஐங்குறுநூற்றில் வரும் 'சிலைவில்' என்பதற்கு வில் என்று மட்டும் பொருள் கூறிக் கடப்போமாயின் மரத்தை இழந்துவிடுகிறோம்.

ஒன்றில் மட்டும் நாம் ஆஸ்கத்துடன் உடன்பட இயலவில்லை. யூ ஒன்றையே உயர்த்தி, எல்ம், ஆஷ் முதலியவற்றைத் தாழ்த்திவிடுகிறார். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-இல் கிடைத்த, 8000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய வில் எல்ம் மரத்தால் ஆனதே.