சுமைதாங்கிக் கல்லாய் ஒரு பாட்டு

பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களைக் கண்டிருப்பீர்கள். நட்டு வைத்த இரு கற்கள். அவற்றின்மேல் குறுக்காகக் கிடத்திய மற்றொரு கல். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் துணையின்றித் தானே அதன்மேல் சுமையை இறக்கி வைப்பான். சற்று இளைப்பாறியபின் தானே தலைக்கு மாற்றிக்கொண்டு நடப்பான். கல் சுமையைக் குறைப்பதில்லை. ஊர்வரை உடன் வருவதும் இல்லை. மீண்டும் எடுத்துச் செல்லக்கூடிய உயரத்தில் அதைத் தாங்கி நிற்கிறது; அவ்வளவே.

1962-ஆம் ஆண்டு ஸ்ரீதரின் இயக்கத்தில் வெளிவந்தது ‘சுமைதாங்கி’ திரைப்படம். அதில் இடம்பெற்ற ‘மயக்கமா கலக்கமா’ என்னும் பாடல் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் மறையாமல் நிற்பதன் காரணத்தைத் தேடுவோர்க்கு அப்படத்தின் பெயரே திறவுகோலாகும்.

சொற்கள் கண்ணதாசனுடையவை, இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையருடையது, திரையில் ஜெமினி கணேசனுக்காகப் பாடியவர் பி.பி. ஸ்ரீநிவாஸ். துயரப் பாடல் என்றாலே உரத்த புலம்பலை எதிர்பார்த்துப் பழகிய செவிகளுக்கு அக்குரல் புதுமையாய் இருந்திருக்கும். அது அழவில்லை; அறிவுரை கூறும் மிடுக்கும் அதில் இல்லை. அருகில் வந்தமர்ந்து தோளில் கைவைக்கும் நண்பனின் குரல் அது. எங்கள் புளியந்தோப்பில் இறப்பு வீடுகளில் பாடப்படும் கானா, துயரத்தைத் தெருவறியக் கொட்டித் தீர்க்கும். அதற்கும் ஒரு மருத்துவம் உண்டு. இப்பாடலோ தனித்திருப்பவனோடு தாழ்ந்த குரலில் பேசுகிறது.

பாடலின் அமைப்பையும் நோக்குவோம். அது கேள்வியோடு தொடங்குகிறது. துன்புற்றவனை நோக்கி, ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று எவரேனும் கேட்பதே பாதி ஆறுதல் அன்றோ! ‘நான்’ என்று தன் கதையைச் சொல்லி இரக்கம் தேடாமல், ‘நீ’ என்று கேட்பவனை நோக்கியே அது பேசுகிறது. அகராதியைத் தேடவைக்கும் அருஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே எழுத்தறியாத முதியவரும் பட்டம் பெற்ற இளைஞனும் அதைத் தமக்கென்றே எழுதப்பட்டதாக ஏற்றுக்கொள்கின்றனர்.

இதற்குக் கவிஞர் வாலியின் வாழ்வே சான்று. வாய்ப்புகள் வாய்க்காமல் சோர்ந்து, சென்னையை விட்டே போய்விடத் துணிந்திருந்தார் அவர். அவ்வேளையில், தாம் புதிதாகப் பாடிய இந்தப் பாட்டை ஸ்ரீநிவாஸ் அவருக்குப் பாடிக் காட்டினார். வாலி தம் முடிவை மாற்றிக்கொண்டார். இதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்தார். 1963-இல் வந்த ‘கற்பகம்’ அவருக்குப் பெரும்புகழ் தந்தது. கண்ணதாசனின் பாட்டு, கண்ணதாசனுக்கே நிகரான போட்டிக் கவிஞர் ஒருவரைத் தமிழுக்குக் காத்துக் கொடுத்தது! கவிஞன் அறியாமலே அவன் சொல் ஒருவரைக் கரை சேர்க்கும் என்பதற்கு வேறென்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

எனினும், பாராட்டோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. பாடலின் முடிவில், நமக்கும் கீழே கோடிப்பேர் இருப்பதை எண்ணி நிம்மதி கொள்ளும்படி கவிஞர் சொல்கிறார். இதை நாம் எங்கே நின்று கேட்கிறோம் என்பது முக்கியம். பெரம்பூரின் பி அண்ட் சி ஆலை 1996-இல் மூடப்பட்டபோது பிழைப்பை இழந்த குடும்பங்கள் எங்கள் சுற்றுப்புறத்தில் ஏராளம். மழைநீர் புகுந்த வீட்டில் அடுப்பேற்ற வழியின்றி அமர்ந்திருக்கும் தாய், தனக்குக் கீழே யாரைத் தேடுவாள்? அந்தக் கோடிப்பேரில் ஒருத்தியாக அவளையே எண்ணி, மாடிவீட்டார் நிம்மதி அடையலாமா? பிறரைப் போல் தான் இல்லை என்று ஆலயத்தில் நன்றி கூறிய பரிசேயரின் மன்றாட்டை ஆண்டவர் ஏற்கவில்லையே!

கவிஞருக்கு நீதி செய்ய வேண்டுமானால், முழுப்பாட்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு துன்பம் உண்டு என்பதை அவர் முன்னமே சொல்லிவிடுகிறார். ஆகவே கீழே நோக்கும் அப்பார்வை இகழ்ச்சிப் பார்வை அன்று. தன் துயரத்துக்குள் அடைபட்ட கண்களைப் பிறர்பால் திருப்புவது. நாளைய பொழுதை இறைவன் கையில் ஒப்படைக்கச் சொல்லும்போதோ, மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறார். பின்னாளில் ‘இயேசு காவியம்’ பாடவிருந்த உள்ளம் அல்லவா அது!

ஆயினும் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். கீழே இருப்பவனைக் கண்டபின் அவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்னும் அடுத்த அடியைப் பாட்டு எடுத்து வைக்கவில்லை. இதை அதன் குறை என்பதைவிட எல்லை என்பதே பொருந்தும். சுமைதாங்கிக் கல்லுக்கும் அந்த எல்லை உண்டு. நடக்க வேண்டியவர்கள் மனிதர்களே. இப்பாடலைக் கேட்டு ஆறுதல் பெற்று எழுகின்ற நாம், நமக்குப் பின்னால் பெருஞ்சுமையோடு வருகிறவருக்கு ஒரு கை கொடுப்போமானால், கவிஞர் பாடாது விட்ட அடியை நாம் பாடியவர்கள் ஆவோம்.