ஊர் பார்க்காத ஓவியங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்து வெளியேறிய இளைய கலைஞர்களின் படைப்புகளைக் கொழும்பின் கலைக்கூடங்களில் பார்க்கலாம். லாகூரில் மேற்படிப்புக்குப் போனவர்கள் அங்கேயும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மானிப்பாயிலோ பருத்தித்துறையிலோ ஓவியத்தில் ஈடுபாடுள்ள ஒருவரிடம் இவர்களில் இரண்டு பேரின் பெயரைக் கேட்டால் பதில் வருவது கடினம். நல்ல கலை இந்த மண்ணில் உருவாகிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அது யாருடைய கண்ணில் படுகிறது என்பதே என் கவலை.

யாழ்ப்பாணத்தில் ஓவியம் எப்போதும் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போயிருக்கிறது. 1930களின் இறுதியில் எஸ். ஆர். கனகசபை இங்கே ஓவியக் கழகம் ஒன்றை நடத்தினார். அரச கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக இருந்த வின்சரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பின்னர் 1943இல் கொழும்பில் நவீன ஓவியர்கள் கூடி உருவாக்கிய '43 குழுவின் தொடக்க உறுப்பினர் வரிசையிலும் கனகசபை இருந்தார். அக்குழுவின் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் உண்டு. அதே வரிசையில் நின்ற யாழ்ப்பாணத்தவர் பற்றித் தமிழில்கூட நாம் போதிய அளவு எழுதவில்லை.

கனகசபைக்குப் பின் வந்தவர் குருநகர் ஓவியர் அ. மாற்கு (1933–2000). நவீன ஓவியம் என்றாலே முகம் சுளித்த ஊரில், கோடுகளையும் தளங்களையும் உடைத்து உடைத்துப் பார்த்தவர். அதைவிடப் பெரிது அவர் ஆசிரியராக இருந்த விதம். இன்று மட்டக்களப்பில் பெண்களின் உடலையும் வலியையும் வலிமையையும் வரைந்துவரும் வாசுகி அவரிடம் பயின்றவர். நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து 1987இல் மாற்குவின் கலை பற்றி 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். போருக்கு நடுவில் ஓர் ஓவியனுக்காக நூல் போடுவது லேசான காரியம் அல்ல. இடப்பெயர்வுகளில் அவருடைய ஓவியங்கள் பல தொலைந்துபோன பின், இந்த நூலின் பெறுமதி இன்னும் கூடிவிட்டது. கலைக்கூடம் இல்லாத ஊரில் புத்தகமே கலைக்கூடமாக இருந்தது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பின் கிடைத்த சிறு இடைவெளியில், 2004இல், 'அகம் புறம்' கண்காட்சி நடந்தது. கொழும்பின் தீர்த்த கலைஞர் குழுவும் யாழ்ப்பாணக் கலைஞர்களும் இணைந்து அதை யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வைத்தார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, மறுபடி எழுந்த கட்டடம் அது. அங்கே ஓவியர் தா. சனாதனன், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பொருட்களைக் கொண்டு ஒரு படைப்பை அமைத்தார். தூரிகை பிடிக்காத சனங்கள் தங்கள் வீட்டுச் சாமான் ஒன்றின் மூலம் அந்தப் படைப்புக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் கண்காட்சிகளில் இதைத்தான் மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். பார்க்க வந்தவர் தன் சொந்தக் கதையைத் தேடிப் பார்க்கும்படி அது அமைந்தது.

2011இல் வெளிவந்த சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' அந்த வழியின் அடுத்த படி. ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரைத் தாங்கிய இந்த நூலில், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து கீறுகிறார்கள். கிணறு எங்கே, குசினி எங்கே, எந்த மூலையில் மாமரம் நின்றது என்று தடுமாறும் கைக்கோடு ஒரு தாளில் இருக்கும். அதையே கட்டடக்கலை ஒழுங்கில் திருத்திய வரைபடம் இன்னொரு தாளில். பிறகு சனாதனனின் ஓவியம். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தின் வீடும் வலிகாமத்துத் தமிழ்க் குடும்பத்தின் வீடும் ஒரே கட்டுக்குள் வருகின்றன. இதைச் செய்யப் பல அரசியல் அறிக்கைகளாலும் முடியவில்லை. இந்த நூலை வெளியிட்ட ரேக்கிங் லீவ்ஸ் பதிப்பகமே 2013இல் சமகாலக் கலைக்கும் கட்டடக்கலைக்குமான ஆவணக்காப்பகம் ஒன்றை, கொழும்பில் அல்லாமல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது.

சனாதனனும் கவிஞர் பா. அகிலனும் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆண்டுகளில் ஒரு புதிய தலைமுறை வளர்ந்தது. ஜஸ்மின் நிலானி ஜோசப் 1990இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்தவர். பேனை மையால் வேலிகளை வரைகிறார். யாழ்ப்பாணத்தாருக்கு வேலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லைச் சண்டையும் அயலவர் பேச்சும் அதில்தான். கதியால் வேலி இருந்த இடத்தில் தகரமும் முட்கம்பியும் வந்ததை, ஒரு மனிதரையும் வரையாமல் அவர் சொல்லிவிடுகிறார். வேறிடத்தில் பயின்றாலும் இதே தலைமுறையைச் சேர்ந்த கிளிநொச்சி த. வினோஜா, துணியில் ஊசியும் நூலும் கொண்டு பதுங்குகுழியும் காயமும் நிறைந்த நிலத்தைத் தைக்கிறார். மேலிருந்து பார்த்த வயல்போலத் தெரிவது, கிட்டப் போனால் தையல் போட்ட உடம்பாகத் தெரியும். கண்டியில் பிறந்து யாழ்ப்பாணத்தில் படித்த ஹேமா சிரோனியும் தையல்காரர்தான். இடம்விட்டு இடம் போன குடும்ப வரலாறுகளை அவர் துணியில் எழுதுகிறார்.

தாளும் துணியும் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடக்கூடியவை. பெரிய கன்வஸ் சட்டகத்தை ஓடிய சனங்கள் விட்டுவிட்டுத்தான் போனார்கள். இந்தக் கலைஞர்கள் இலேசான, மடிக்கக்கூடிய பொருட்களை நாடுவதில் அந்த அனுபவத்தின் தடம் இருப்பதாக நான் வாசிக்கிறேன்.

மலையகத்திலிருந்து படிக்க வந்தவர்களும் இந்தத் தலைமுறையில் உண்டு. ஹனுஷா சோமசுந்தரமும் அருள்ராஜ் உலகநாதனும் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தம் கலைக்குள் கொண்டுவந்தார்கள். தேயிலைச் சாயமே ஹனுஷாவின் கையில் வண்ணமானது. மலையகத்தின் கதையைச் சொல்லும் கலைஞர்களை யாழ்ப்பாணம் உருவாக்கியது, இந்த இரண்டு சமூகங்களின் பழைய உறவையும் விலகலையும் அறிந்தவர்களுக்குச் சின்ன விடயமல்ல.

இனி, இவற்றை ஊரார் எங்கே பார்ப்பது? திருமறைக் கலாமன்றத்தின் கலைத்தூது கலையகம் போன்ற இடங்களில் கண்காட்சிகள் நடந்திருக்கின்றன. சில நாள் இருக்கும், பிறகு கழற்றப்படும். இவர்களைப் பற்றிய நல்ல கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. நமது சஞ்சிகைகள் ஒரு கவிதைத் தொகுதிக்கு நாலு மதிப்புரை போடுகின்றன. ஓர் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படமும் செய்தியும் போடுவதோடு நின்றுவிடுகின்றன. அகிலன் போன்ற ஓரிருவர் தமிழில் எழுதியது போதாது. ஆர்வம் இல்லாததால் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களுக்கு வண்ணம் தீட்டியபோது யாழ்ப்பாணத்து மதில்களும் நிறைந்தன. நின்று பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியுடன் கட்டி 2023இல் திறக்கப்பட்ட பண்பாட்டு மையம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் யாழ்ப்பாணம் திருவள்ளுவர் பண்பாட்டு மையம். மண்டபமும் அருங்காட்சியகத் தளங்களும் அதில் உண்டு. மாற்குவின் எஞ்சிய ஓவியங்களையும், யாழ்ப்பாணத்து ஓவியர் ஆசை இராசையாவின் ஓவியங்களையும், ஜஸ்மினின் வேலிகளையும், வினோஜாவின் துணிகளையும் நிரந்தரமாக வைக்க ஒரு தளம் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தமிழில் நாலு வரி வேண்டும். சித்திரப் பாடம் எடுக்கும் பிள்ளைகளைக் கல்வித் திணைக்களம் ஆண்டுக்கு ஒரு தடவையாவது அங்கே கூட்டிவர வேண்டும்.