சீடரும் மாணாக்கரும்

திண்டிவனத்துத் தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இன்று நம் வீடுகளில் பழகிய நூலாகிவிட்டது. அதன் தமிழ் நடையைப் பற்றி நாம் போதிய அளவு பேசியிருக்கிறோம். அதைக் கையில் ஏந்திக் கற்பிக்கும் ஆசிரியரின் இடத்தில் நின்று அதைக் காண்பதே இங்கு நம் நோக்கம்.

மத்தேயு நற்செய்தியின் இறுதியில் உயிர்த்த ஆண்டவர் தம் திருத்தூதர்க்கு அளிக்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். கிரேக்க மூலத்தில் அங்கே ஏவல் வினை ஒன்றே ஒன்றுதான்: சீடராக்குதல். போதல், திருமுழுக்களித்தல், கற்பித்தல் ஆகிய மூன்றும் அதனைச் சார்ந்து நிற்கும் எச்சங்கள். நம் பொது மொழிபெயர்ப்பு, போதலை மட்டும் எச்சமாக வைத்துவிட்டு, மற்றவற்றைத் தனித்தனி ஏவல்களாக்கிவிட்டது. புரொட்டஸ்டாண்டுச் சகோதரர்களின் பழைய மொழிபெயர்ப்பிலோ சீடராக்குதல் எச்சமாகி, உபதேசித்தலே ஏவலாயிற்று. வினையெச்சத்தை இவ்வளவு இயல்பாகக் கையாளும் தமிழில் மூல அமைப்பைக் காத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. திருமுழுக்களித்தும் கற்பித்தும் மாந்தரைச் சீடராக்குக என்பதே அங்குள்ள பொருள்.

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று. மறைமாவட்டங்களில் விவிலியத்திற்கு ஒரு பணிக்குழு, மறைக்கல்விக்கு ஒரு பணிக்குழு, நற்செய்தி அறிவிப்புக்கு வேறொன்று என்று பிரித்து வைத்திருக்கிறோம். நிருவாகத்திற்கு அது தேவைதான். ஆனால் மத்தேயுவின் வாக்கியத்தில் அவை ஒரே செயல். சீடர் என்பதற்கு நிற்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் கற்பவர், மாணாக்கர் என்பதே. 'சீடர்' என்றதும் தமிழர் மனத்தில் ஒரு மடத்தைச் சேர்ந்தவரின் உருவம் எழுகிறது; 'மாணாக்கர்' என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரின் உருவம் எழுகிறது. நற்செய்திப் பணி என்பது ஆள் சேர்ப்பதா, கற்பவரை உருவாக்குவதா என்ற கேள்வி இந்த ஒரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

கத்தோலிக்கராகிய நாம் மறைநூலைக் கற்கத் தாமதித்ததற்கு வரலாறும் காரணம். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் ஒரு மறைக்கல்விச் சிறுநூல். தமிழில் அச்சான முதல் புதிய ஏற்பாடோ 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் முயற்சியால் வந்தது. நமக்கு ஞானோபதேசமும் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் பாஸ்கா நாடகங்களும் நெடுங்காலம் விவிலியத்தின் இடத்தில் நின்றன. அவை ஏழ்மையான கல்வி என்று சொல்ல மாட்டோம். நூலைத் திறந்து தாமே படித்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை மட்டும் அவை தரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-இல் மறைநூலை இறைமக்கள் அனைவர்க்கும் திறந்துவிட வேண்டுமென்று உரைத்தது. நற்செய்திப் பணி பற்றிய ஏட்டை அதே ஆண்டு டிசம்பர் 7-இல் வெளியிட்டது. இரண்டுக்கும் இடையே இருபது நாள்கூட இல்லை. நாம்தான் அவற்றை வேறு வேறு அலமாரிகளில் வைத்துவிட்டோம்.

பொது மொழிபெயர்ப்பால் நாம் இழந்ததும் ஒன்றுண்டு. முன்னாளைய கத்தோலிக்க வழக்கில் யோவான் அருளப்பர், பவுல் சின்னப்பர். ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்னும் எபிரேயப் பெயர்ப்பொருளும், சிறியவர் என்னும் இலத்தீன் பெயர்ப்பொருளும் அந்தத் தமிழ்ப் பெயர்களிலேயே பொதிந்திருந்தன. பெயரைச் சொல்வதே ஒரு பாடமாக இருந்தது. கிறிஸ்தவ ஒற்றுமைக்காக அவற்றை விட்டோம். அது தகுந்த விலைதான். ஆனால் அவ்விலையைக் கொடுத்தோம் என்பதையாவது நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

மாற்கு நற்செய்தியின் தொடக்க அழைப்பில் வரும் 'மனம் மாறுதல்' என்னும் சொல்லாட்சி மயிலாப்பூரில் கற்பிப்பவருக்கு மிகவும் வேண்டியது. சாந்தோம் பேராலயத்திலிருந்து கச்சேரி சாலை வழியே சிறிது தொலைவு நடந்தால் கபாலீசுவரர் கோயில். இங்கே மறை என்றால் அயலார்க்கு நான்மறை. மனமாற்றம், மதமாற்றம் இரண்டுக்கும் இடையே எழுத்து வேறுபாடு ஒன்றே. 2002-இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு 2004-இல் கைவிடப்பட்ட நாள்களில், அந்த ஓர் எழுத்துக்காக நாம் மேடைகளில் வாதிட்டோம். வகுப்பறையில் அதை விளக்கினோமா? மூலச்சொல் சிந்தையின் மாற்றத்தைக் குறிப்பது. அதன் பின்னணியில் நிற்கும் எபிரேயச் சொல்லோ திரும்பி வருதலைக் குறிப்பது. பழைய மொழிபெயர்ப்பின் 'மனந்திரும்புதல்' இந்த இரண்டாவதை அழகாகக் காத்தது. இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் இளைஞன், அடுத்த வீட்டுச் சைவ நண்பன் கேட்கும் கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்வான்.

நம் பங்குகளில் விவிலியக் கல்வி பெரும்பாலும் வினாடி வினாவாகச் சுருங்கியிருக்கிறது. மெத்துசேலாவின் வயதை ஒரு சிறுமி நொடியில் சொல்லிவிடுகிறாள். கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் அப்போட்டியில் வினா தொடுப்பவர் எப்போதும் ஆசிரியரே. மாணாக்கர் வினவுவதற்கு அங்கே இடமில்லை.

தம் கல்லறையால் இவ்வூருக்குப் பெயர்தந்த தோமையாரோ நேர்மாறானவர். யோவான் நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில், போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று ஆண்டவரையே அவர் மடக்குகிறார். தாமே வழியென ஆண்டவர் கூறும் பெருமொழி அக்கேள்விக்கு விடையாகவே பிறக்கிறது. ஜூலை 3-ஆம் நாள் திருவிழா மறையுரைகளில் நாம் அவரது ஐயத்தைப் பற்றியே பேசி, அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். மரபு சொல்வதுபோல் அவர் இக்கடற்கரைக்கு வந்திருந்தால், விடைகளோடு மட்டுமின்றித் தம் கேள்விகளோடும் வந்திருப்பார்.