சிலந்தி வலையும் ஒரு மாணவியின் கேள்வியும்

அண்மையில் பள்ளத்தூரில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். அட்டையும் வெள்ளிக் காகிதமும் கொண்டு மாணவிகள் விண்வெளி நிலையம் ஒன்றை அழகாகச் செய்து வைத்திருந்தனர். அதன் ஓரத்தில் "மாணவர் சோதனை" என்று எழுதிய ஒரு சிறு பெட்டி. "இதற்குள் என்ன சோதனை, அம்மா?" என்று கேட்டேன். "அது தெரியாது ஐயா. விண்வெளிக்குப் போகும்" என்றாள் ஒரு மாணவி.

குற்றம் அவளுடையதன்று. மாணவர் சோதனைகளைப் பற்றி நாம் பேசும் முறை அப்படி. 2022 ஆகஸ்டு 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஆசாதிசாட்' துணைக்கோளை எண்ணிப் பாருங்கள். 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் உழைப்பு அது; திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் பங்கு கொண்டனர். ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டாததால் அது வீணாயிற்று. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது துணைக்கோள் வெற்றியுடன் சென்றது. பாராட்ட வேண்டிய முயற்சியே. ஆயினும் நான் படித்த செய்திகளில் பள்ளிகளின் எண்ணிக்கை இருந்தது, மாணவிகளின் எண்ணிக்கை இருந்தது, எடை இருந்தது. அந்த 750 பேரில் ஒருத்தி கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1973இல் அமெரிக்கா ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை அனுப்பியபோது, பள்ளி மாணவர்களிடம் சோதனைகளுக்கான யோசனைகளைக் கேட்டது. 3,400க்கும் மேற்பட்டவை வந்தன; 25 தேர்வு பெற்றன. அவற்றுள் ஒன்று ஜூடித் மைல்ஸ் என்ற மாணவியுடையது. எடையற்ற நிலையில் சிலந்தி வலை பின்னுமா? இதுவே அவருடைய கேள்வி. அராபெல்லா, அனிதா என்ற இரு சிலந்திகள் சென்றன. அராபெல்லாவின் முதல் வலை தாறுமாறாக இருந்தது. சில நாள்களில் அது ஒழுங்கான வலையைப் பின்னிவிட்டது!

இந்தச் சோதனையிலும் குறை உண்டு. விண்ணில் நூற்ற இழை மெல்லியதாக இருந்தது. அதற்குக் காரணம் எடையின்மையா, பட்டினியா? இரண்டே சிலந்திகள், அவையும் பூமிக்கு உயிருடன் திரும்பவில்லை. எனவே உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் கேள்வி தெளிவாக இருந்தபடியால் பின்வந்தோர் அதைத் தொடர முடிந்தது. 2008இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சிலந்திகளை அனுப்பினர். உணவாக வைத்த ஈக்களின் புழுக்கள் பெருகிக் கண்ணாடியை மறைத்துவிட்டன. 2011இல் மீண்டும் முயன்றனர். இம்முறை விண்ணில் இரண்டு சிலந்திகள், ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியில் இரண்டு.

பூமியில் இவ்வகைச் சிலந்தியின் வலை மையம் சற்று மேலே தள்ளியிருக்கும். சிலந்தி தலைகீழாக அமரும். விண்ணிலோ மையம் பெரும்பாலும் நடுவில் அமைந்தது. ஆனால் விளக்கு எரியும்போது பின்னிய வலைகள் பூமியில் உள்ளவை போலவே இருந்தன. ஈர்ப்பு இல்லாத இடத்தில் சிலந்தி ஒளியைக் கொண்டு 'மேல்' எது என்று அறிந்திருக்கிறது! 2020இல் வெளியான இம்முடிவை முன்கூட்டி யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்ததால் கிடைத்தது.

ஆகவே ஒரு மாணவர் சோதனையை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். அது எதைக் கேட்கிறது? பூமியில் அதற்கு ஒப்பீடு எது? விடை 'இல்லை' என்று வந்தால் அதையும் வெளியிடுவார்களா? எத்தனை உயரம் சென்றது என்பது இவற்றுக்குப் பின்னரே.

2025இல் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்சு சுக்லா அங்கே பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். பள்ளத்தூர் மாணவியர் இதன் மறுபாதியை வீட்டிலேயே செய்யலாம். ஈரத்துணி விரித்த இரண்டு தட்டுகளில் பயற்றை நகராமல் பொருத்துங்கள். இரண்டையும் செங்குத்தாக இருட்டில் நிறுத்துங்கள். ஒன்று அசையாமல் இருக்கட்டும். மற்றதை ஒரு சிறு மோட்டார் மெதுவாகச் சுற்றட்டும். எந்தத் தட்டில் வேர் கீழ் நோக்கிச் செல்கிறது? எதில் திசை தடுமாறுகிறது? நாள்தோறும் படம் வரைந்து வையுங்கள்.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் அந்தச் சிறு பெட்டியின் மேல் ஒரு கேள்வி எழுதப்பட்டிருக்குமானால், அது விண்வெளிக்குப் போகாவிட்டாலும் குறையில்லை.