ஐ.நா.வாவது, கீ.நா.வாவது

ராஜதந்திரிகள் ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றி மேடையில் பேசுவதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கோபத்தில் அதற்கு அவர்கள் வைக்கிற பட்டப்பெயரில் விஷயம் இருக்கிறது. அப்படிப்பட்ட சொற்கள் இரண்டு எனக்கு நெடுநாளாகச் சுவாரஸ்யம் தந்து வருகின்றன.

இஸ்ரேல் பாதுகாப்பு மந்திரி பென்குரியன், காஸாவைப் பிடித்துவிட வேண்டும் என்று 1955 மார்ச் 29ஆம் தேதி மந்திரிசபையில் வாதாடினார். 1947ஆம் வருஷத்து ஐ.நா. தீர்மானம் இல்லாமல் நமக்கு ராஜ்யம் ஏது என்கிற தோரணையில் பிரதமர் ஷாரெட் தடுத்தார். ‘உம், ஷ்மும்’ என்றார் பென்குரியன். ‘உம்’ என்பது ஹீப்ருவில் ஐ.நா.வின் சுருக்கப் பெயர். ‘ஷ்மும்’ வெறும் எதிரொலி. யூதர்களின் ஈத்திஷ் பாஷையில் எதையும் அலட்சியம் செய்ய ‘ஷ்ம்’ சேர்ப்பார்கள். மொழிபெயர்ப்பதற்குப் பல பாஷைகள் திண்டாடும். தமிழுக்குச் சிரமமே இல்லை: ‘ஐ.நா.வாவது, கீ.நா.வாவது!’

இந்தச் சொல்லில் அலட்சியத்தைக் காட்டிலும் பயம்தான் எனக்கு அதிகம் கேட்கிறது. 1948 மே 14ஆம் தேதி ராஜ்யப் பிரகடனத்தை வாசித்தவர் இவர்தான். அந்தத் தீர்மானத்தையே அது ஆதாரமாகக் காட்டுகிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பற்றி வீட்டுக்குள் பேசுகிற குரல் இது.

டிகால் சொன்னது வேறு ரகம். 1960 செப்டம்பர் 10ஆம் தேதி, நாந்த் நகரத்தில், ஜனங்கள் கேட்கச் சொன்னது. ஐ.நா. என்று பெயர் சொல்கிறார்களே, அந்த ‘மஷேன்’ என்றார். பெயர் வாயில் வராத சாமானைக் காட்டி நாம் ‘அது... அந்த இது’ என்கிறோமே, அதுதான். பெயர் மறந்துவிட்டதாம்! 1945ல் அவர் தலைமையில் இருந்த அரசாங்கம்தான் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டது. பாதுகாப்புச் சபையில் பிரான்ஸுக்குக் கிடைத்த நிரந்தர ஸ்தானத்தையும் வீட்டோவையும் அவர் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. காங்கோவுக்குப் போன ஐ.நா. படையின் செலவில் பங்கு தரத்தான் மறுத்தார். அல்ஜீரியாவைப் பற்றிப் பொதுச்சபை பேசியதில் அவருக்கு எரிச்சல். சொல்லைக் கையாளத் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை; சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொய். பென்குரியனுடைய முரட்டுச் சொல் மேல்.

இருவரைவிடவும் ஐ.நா.வை மதித்தவர் குருஷேவ் என்றால் சிரிப்பீர்கள். (மேஜையைத் தட்டிய கதை ஒன்றுதான் எல்லாருக்கும் ஞாபகம்.) அவர் பட்டப்பெயர் வைக்கவில்லை. நாந்த் பேச்சுக்குப் பதின்மூன்றாம் நாள், நியூயார்க்கில், பொதுக் காரியதரிசி பதவியை ஒழித்து மூவர் குழு வைக்க வேண்டும் என்று கேட்டார். ‘அந்த இது’வை உடைக்க எவனும் கப்பலேறி அத்தனை தூரம் வரமாட்டான்.

அக்டோபர் 3ஆம் தேதி, ராஜினாமா செய்யட்டும் என்று நேருக்கு நேர் கேட்டார். ஹாமர்ஷெல்ட் அன்றே பதில் சொன்னார்: இந்த ஸ்தாபனத்தின் பாதுகாப்புத் தேவைப்படுவது சோவியத் யூனியனுக்கோ மற்ற வல்லரசுகளுக்கோ அல்ல, மற்ற எல்லாருக்கும்தான், அதனால் பதவியில் இருப்பேன். சபை எழுந்து நின்று கைதட்டியது.

மறுவருஷம் செப்டம்பரில், கடாங்காச் சண்டையை நிறுத்தப் பேசப் போகும் வழியில், நிடோலாவுக்கு அருகே அவருடைய விமானம் விழுந்தது. பதவியை யாரும் மூன்றாகப் பிளக்கவில்லை. பர்மாக்காரர் ஊ தாண்ட் அதில் உட்கார்ந்தார்.